மராமரத்தைத் துளைத்த வண்டு

கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூருக்கும் கடலூருக்கும் நடுவில் பாலாறு கடலோடு கலக்கிறது. கடலூர் என்றதும் தென்னார்க்காட்டுக் கடலூரை நினைத்துவிட வேண்டாம். இது செங்கற்பட்டுச் சீமையில் உள்ள ஒரு சிறு கிராமம். ‘கலக்கிறது’ என்று நான் எழுதியதும் ஒரு மரியாதைக்காகத்தான். நெடுங்காலமாகவே வருஷத்தில் பெரும்பகுதி நாட்களில் அங்கே மணல்தான் கடலைச் சந்தித்து வந்திருக்கிறது. மகாபலிபுரத்திலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போகிறவர்கள் அந்த நீண்ட பாலத்தைக் கடக்கும்போது, “இந்த மணலுக்கா இவ்வளவு பெரிய பாலம்?” என்று கேட்பது சகஜம்.

ஆனால் ஆறு என்பது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் இருப்பதல்ல. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார்ச் சீமையைக் கடந்து, ஆந்திரத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வருகிறது பாலாறு. அதன் நீளம் சுமார் 348 கிலோமீட்டர். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறும், காஞ்சிபுரத்து வேகவதியும் திருமுக்கூடலில் அதனுடன் கூடுகின்றன. ஆகவே ஜவ்வாது மலைச் சரிவில் இன்று விழும் மழைத்துளி ஒன்று, வழியில் மண்ணும் ஏரியும் கிணறும் அதை வாங்கிக் கொள்ளாவிட்டால், என்றைக்காவது வயலூர்க்காரர் வாசலுக்கு வந்துதான் தீர வேண்டும்.

1903-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அப்படித்தான் வந்தது. கோலார்ப் பகுதியில் பேய்மழை பெய்து, ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துக்கொண்டன. மேலேரி உடைந்தால் கீழேரி தாங்காது என்பது நம் கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும். அத்தனை ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்து இரவோடு இரவாக வாணியம்பாடிக்குள் புகுந்தது. வீடுகள் போயின, உயிர்கள் போயின. பாலாற்றங்கரையில் அந்த வெள்ளத்தைப் பற்றிய பேச்சு மூன்று தலைமுறை வரை ஓயவில்லை. பிறகு 2021-ஆம் வருஷம் நவம்பரில், வாலாஜாவுக்கு அருகே உள்ள பாலாற்று அணையைத் தாண்டி விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி அளவில் தண்ணீர் ஓடியபோது, பழைய கதையைக் கேட்டிருந்தவர்கள் மறுபடியும் அதை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

செங்கற்பட்டுச் சீமைக்கு வெள்ளம் என்றால் ஏரி உடைவதுதான். அதனால் இந்த ஜில்லாவின் மிகப் பிரசித்தமான கதையும் ஏரிக்கரையில்தான் நடக்கிறது. மதுராந்தகத்து ஏரி மழைக்கு மழை உடைத்துக்கொண்டிருந்த காலம். கும்பினி ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்ற துரை, தாயார் சந்நிதி கட்டுவதற்காகக் கோயிலில் குவித்து வைத்திருந்த கற்களைப் பார்த்து, “இவற்றைக் கரைக்குக் கொடுங்களேன்” என்றாராம். “கரையை எங்கள் ராமன் பார்த்துக்கொள்வான்” என்றார்களாம் பட்டர்கள். “இந்த மழையில் கரை நின்றால் நானே சந்நிதி கட்டித் தருகிறேன்” என்று துரை பந்தயம் கட்டினார். அன்றிரவு கொட்டுகிற மழையில் ஏரிக்கரைக்குப் போனவருக்கு, கையில் வில்லுடன் இரண்டு வாலிபர்கள் கரையைக் காவல் காப்பது தெரிந்தது. கரை நின்றது, சந்நிதியும் எழுந்தது. 1798-ஆம் வருஷத்துச் சம்பவம் என்று சொல்வார்கள். ஏரி காத்த ராமர் என்ற திருநாமம் இன்றும் இருக்கிறது.

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் கதையை ரசிக்கட்டும். எனக்கு அதில் ஒரு கேள்விதான். கரையைக் காக்க ராமர் வந்தார். கரைக்கு வந்து மோதும் தண்ணீரை மலையிலேயே பிடித்து நிறுத்தி, கொஞ்சங் கொஞ்சமாக விடுகிற காட்டை யார் காப்பது?

இந்த இடத்தில் ராமருடைய இன்னொரு வில் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுக்கிரீவனுக்கு நம்பிக்கை வருவதற்காக ராமன் ஒரே அம்பால் ஏழு மராமரங்களைத் துளைத்தான் அல்லவா? கம்பர் மராமரம் என்பதை வால்மீகி சால மரம் என்கிறார். புத்தர் பெருமான் பரிநிர்வாணம் அடைந்ததும் இரட்டைச் சால மரங்களின் நடுவில்தான் என்பது ஐதிகம். இமயத்தின் அடிவாரம் தொட்டு மத்திய இந்தியா வரை, காடு என்றாலே பல இடங்களில் அந்த மரந்தான். இரும்பு மாதிரி கடினமான வைரம் பாய்ந்தது. ரயில் தண்டவாளத்தின் கீழே தாங்கு கட்டையாகக் கிடந்து எத்தனையோ வருஷம் நம்மைச் சுமந்த மரம் அது.

அப்பேர்ப்பட்ட மரத்தை ராமனுக்குப் பிறகு துளைத்தது ஒரு வண்டு. அதன் நீளம் அதிகம் போனால் இரண்டரை அங்குலம். முதல் மழை விழுந்ததும் அது மரத்தை விட்டு வெளியே வருகிறது. பட்டையின் இடுக்கில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு பட்டைக்கு அடியில் தின்ன ஆரம்பித்து, வெண்மரத்தைக் கடந்து வைரத்துக்குள்ளேயே சுரங்கம் தோண்டிவிடுகிறது. மரத்தடியில் மரத்தூள் குவியல் குவியலாகக் கிடக்கும். சாதாரண வருஷங்களில் நல்ல மரம் குங்கிலியத்தைச் சுரந்து புழுவை மூழ்கடித்துவிடும். நோஞ்சான் மரங்களும் விழுந்த கட்டைகளும்தான் வண்டுக்கு ஆகாரம். ஆனால் சில வருஷங்களில் வண்டின் தொகை கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. அப்போது நூறு புழுவைச் சமாளிக்கிற மரம் ஆயிரம் புழுவுக்கு முன்னால் தோற்றுப் போகிறது.

நர்மதை பிறக்கும் அமரகண்டகத்தைச் சுற்றியுள்ள மண்ட்லாக் காடுகளில் 1923 முதல் 1928 வரை இந்தப் படையெடுப்பு நடந்தது. டேராடூன் வன ஆராய்ச்சிக் கழகத்தில் பூச்சியியல் நிபுணராக இருந்த பீசன் இந்த வண்டைப் பிடிக்க ஒரு வேடிக்கையான வழியைப் பரப்பினார். மழை தொடங்கியதும் சில மரங்களை வெட்டி, பட்டையை நையப் புடைத்துப் போட்டுவிடுவது. கசிகிற சாற்றின் வாசனைக்கு வண்டுகள் தூரதூரத்திலிருந்து பறந்து வரும். வந்து, குடித்து, கள்ளுக்கடையில் விழுந்து கிடப்பவரைப் போல மயங்கிக் கிடக்கும். காட்டில் வாழும் ஜனங்கள் அவற்றைப் பொறுக்கித் தலையைக் கிள்ளி எண்ணிக்கை சொன்னால், தலைக்கு இத்தனை என்று சர்க்கார் கூலி கொடுக்கும்.

அதே காடுகளில் 1994-ஆம் வருஷம் வண்டு மறுபடியும் கிளம்பியது. நூற்றாண்டு முடியும் வரை அடங்கவில்லை. ஐந்து லட்சம் ஹெக்டேர் விஸ்தீரணத்தில் முப்பது லட்சம் மரங்களுக்கு மேல் பாதிக்கப்பட்டன என்பது கணக்கு. இந்தத் தடவை வண்டு பிடிப்பதோடு வேலை நிற்கவில்லை. புழு விழுந்த மரங்களை வெட்டி அப்புறப்படுத்தும் வேலை மும்முரமாக நடந்தது. நல்ல மரங்களும் சேர்ந்து விழுகின்றன என்ற புகார் எழுந்தது. விவகாரம் டில்லி வரை போய், 1998-ஆம் வருஷம் சூப்ரீம் கோர்ட் தலையிட்டு வெட்டுக்குக் கட்டுத்திட்டம் விதித்தது.

வெட்டியவர்களை வில்லன்களாக்கிவிடுவது சுலபம். அது நியாயமில்லை. புழு குடியிருக்கும் மரத்தை நிற்க விட்டால், அடுத்த மழைக்கு அதிலிருந்து புது வண்டுகள் புறப்பட்டுப் பக்கத்து மரத்தைப் பிடிக்கும். அத்துடன், சால மரம் விலையுயர்ந்தது. வைத்திருந்தால் உளுத்துப்போகும், இப்போது வெட்டினால் காசாகும். வீடு தீப்பிடித்தால் பெட்டியை வெளியே இழுக்கிறோமே, அந்த மாதிரி. வீடு எரிந்த துக்கத்தில், பெட்டியை இழுக்கும் வேகத்தில் சுவரும் சரிந்துவிடக் கூடாது என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

காட்டின் சுவர் எது? மண்தான்.

மழை காட்டில் விழுவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் இலையில் தங்குகிறது. அதில் ஒரு பங்கு அங்கிருந்தே ஆவியாகிவிடுகிறது. மீதி சொட்டுச் சொட்டாக இறங்கிச் சருகு மெத்தையில் விழுகிறது. சருகின் அடியில் மண், ரவை உப்புமா போலப் பொலபொலவென்று இருக்கிறது. வேர்களும் மண்புழுக்களும் செய்துவைத்த ஆயிரம் துவாரங்கள். தண்ணீர் அவற்றில் இறங்கிவிடுகிறது. மரம் தனக்கு வேண்டியதைக் குடித்து இலை வழியாக ஆகாசத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சியது நாட்கணக்கில், மாதக்கணக்கில் கசிந்து ஓடைக்கு வருகிறது.

வண்டு மரத்தைக் கொன்றால் என்ன ஆகும்? இலை உதிர்கிறது. குடிக்கிற வாய் நின்றுபோகிறது. ஆகவே மண்ணில் ஈரம் அதிகமாகத் தங்கும். அடுத்த மழைக்கு மண்ணில் இடம் குறையும். ஓடையில் தண்ணீர் கூடும். அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் 1939-ஆம் வருஷத்துப் புயலில் சாய்ந்த மரங்களில் பெருகிய வண்டுகள், 1940-களில் ஒயிட் ரிவர் மலைக் காடுகளை அழித்தன. ஆற்றில் தண்ணீர் கூடியிருப்பதை 1950-களில் கணக்கெடுத்துச் சொன்னார்கள். பின்னாட்களில் வேறு மலைகளில் பார்த்தபோது, சில இடங்களில் தண்ணீர் அப்படி ஒன்றும் கூடவில்லை. காரணம் சுவாரசியமானது. பெரிய மரங்கள் செத்ததும், அதுவரை நிழலில் ஒடுங்கியிருந்த கன்றுகளும் புதர்களும் வெயிலைக் கண்டு தழைத்து, அந்தத் தண்ணீரைத் தாங்கள் குடித்துவிட்டன. தகப்பன் போனதும் குடும்பப் பொறுப்பை ஏற்கிற பிள்ளைகள் மாதிரி!

வெட்டி இழுக்கும்போது மிதிபட்டு நசுங்குவது முதலில் இந்தப் பிள்ளைகள்தான். அவசர வெட்டில் கோடரி விழும் இடத்தைவிட லாரி போகும் பாதைதான் அதிக அபாயம். கட்டையை யானையோ மாடோ இழுத்தாலும் சரி, யந்திரம் இழுத்தாலும் சரி, அந்தத் தடத்தில் மண் நசுங்கிச் சிமெண்டு மாதிரி இறுகிவிடுகிறது. அதில் தண்ணீர் இறங்காது, ஓடும். சரிவில் மேலிருந்து கீழ் வரை ஒரு தடம் போட்டால், அது மலைக்கு நாமே வெட்டிக் கொடுத்த வாய்க்கால். பாதை குறுக்கிடும் ஓடைகளில் குழாய் பதித்து மேலே மண் போடுகிறார்கள். கழித்த கிளைகளும் பட்டைகளும் மழையில் வந்து குழாய் வாயை அடைத்துக்கொள்கின்றன. தண்ணீர் தேங்கி, ஒரு நேரத்தில் உடைத்துக்கொண்டு மண்ணோடு பாய்கிறது. மதுராந்தகத்தில் ஒரு கரை. இங்கே இருபது சின்னக் கரைகள். காவலுக்கு ஒருவரும் இல்லை.

செத்த மரம் நின்றுகொண்டிருந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். அதன் வேர் உடனே மக்கிவிடுவதில்லை. சில வருஷங்களாவது சரிவைப் பிடித்துக்கொண்டிருக்கும். மொட்டைக் கிளைகள்கூடக் கொஞ்சம் மழையைத் தடுக்கும். கொஞ்சம் நிழல் தரும். விழுந்தால் சரிவின் குறுக்கே கிடந்து, ஓடுகிற தண்ணீருக்கு ஒரு வரப்பாகும். மரத்துக்குச் செத்த பிறகும் வேலை இருக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1990-களின் கடைசியிலிருந்து ஒரு சிறு வண்டு அங்கே கோடிக்கணக்கான ஏக்கரில் பைன் மரங்களைக் கொன்றது. அரிசியைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். பேக்கர் ஓடை என்ற நீர்ப்பிடிப்பை எடுத்துக்கொண்டு 2007-ஆம் வருஷம் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வண்டினால் மட்டும் உச்ச வெள்ளம் நூற்றுக்கு அறுபது கூடும். செத்த காட்டைப் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு கூடும் என்பது அதன் மதிப்பீடு. அது பனி உருகி வெள்ளம் வரும் நாடு. நிழல் போனால் பனி சீக்கிரம் உருகும். நம்முடைய ஊரில் பனி இல்லை, புயல் மழைதான். ஆகவே அந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாலாற்றில் போட முடியாது. ஆனால் வண்டு செய்தது பாதி, மனிதன் சேர்த்தது மீதி என்ற நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஜெர்மனியில் வேறு ஒரு பரீட்சை செய்தார்கள். பவேரியாவின் தேசியப் பூங்காவில் 1983-ஆம் வருஷம் புயலில் சாய்ந்த மரங்களை எடுக்காமல், “கிடக்கட்டும்” என்று விட்டுவிட்டார்கள். பிறகு வண்டு வந்தது. மலையுச்சி முழுவதும் நரைத்த மரங்களாக நின்றன. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் கொதித்தார்கள். “எங்கள் காட்டைச் சுடுகாடாக்கிவிட்டீர்களே” என்பது அவர்கள் ஆத்திரம். அதிகாரிகள் அசையவில்லை. சில வருஷங்களில் அந்தச் செத்த மரங்களின் நடுவே இளங்காடு எழுந்தது. விதை தூவியவர் யாருமில்லை.

நம் தமிழ்நாட்டு மலைகளில் இதற்கு ஒப்பாக ஏதாவது உண்டா என்றால், சந்தன மரத்தின் கதை இருக்கிறது. குடகில் 1899-ஆம் வருஷம் சந்தன மரங்களில் ஒரு விநோத வியாதி கண்டார்கள். இலைகள் சிறுத்து, கிளையில் ஈட்டி முனைபோலக் குத்திட்டு நிற்கும். இரண்டு மூன்று வருஷத்தில் மரம் செத்துப்போகும். அதனால் அதற்கு ‘ஸ்பைக்’ என்று பெயர். மைசூருக்கும் சேலத்து மலைகளுக்கும் அது பரவியது. ஒரு சிறிய தத்துப்பூச்சி மரத்துக்கு மரம் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பதும், அதற்குக் காரணமான நுண்ணுயிர் இன்னதென்பதும் பல பத்தாண்டு ஆராய்ச்சிக்குப் பிறகுதான் துலங்கின. அதற்குள் நோய் கண்ட மரங்களையெல்லாம் அகற்றிவிட வேண்டும் என்று லட்சக்கணக்கில் எடுத்தார்கள். சந்தனத்தை எடுப்பது என்றால் வெட்டுவதல்ல. வேரிலும் எண்ணெய் உண்டு என்பதால் வேரோடு தோண்டி எடுப்பது. மலைச் சரிவில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குழி.

சந்தனம் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரம். அதை எடுத்ததால் வெள்ளம் வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் நம் மலைகள் மொட்டையானதற்குப் பூச்சி ஒரு சின்னக் காரணம், மனிதனின் அவசரம் பெரிய காரணம். 1856-ஆம் வருஷம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பிறகு அது பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டே குடியாத்தம், வாணியம்பாடி என்று ஏறிப் போயிற்று. தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும். என்ஜினுக்கு விறகு வேண்டும். அதே 1856-இல்தான் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக டாக்டர் கிளெகார்ன் நியமிக்கப்பட்டார். காடு போனால் மழையும் மண்ணும் ஆறும் என்னாகும் என்று முன்பே விசாரித்து அறிக்கை தயாரித்தவர் அவர். ஒரு கையால் காட்டைக் காக்க வேண்டும், மறு கையால் ரயிலுக்குக் கட்டை கொடுக்க வேண்டும் என்ற தர்மசங்கடம் அவருக்கு. பிறகு விறகுக்காகச் சென்னை முதல் செங்கற்பட்டு வரையிலான கடற்கரை மணலில் சவுக்கு நட்டார்கள். மகாபலிபுரம் சாலையில் இன்றும் நாம் பார்க்கிற சவுக்குத் தோப்புகளுக்கு அந்த ரயில் என்ஜின் ஒரு வகையில் பாட்டனார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1903-ஐப் போலவோ 2015-ஐப் போலவோ வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால், எவ்வளவு நல்ல காடும் அதைப் பிடித்து நிறுத்தாது. நான்கு நாள் மழையில் ஊறிய மண் ஐந்தாம் நாள் மழையை எங்கே வைத்துக்கொள்ளும்? உலக உணவு விவசாய ஸ்தாபனத்தார் 2005-ஆம் வருஷம் வெளியிட்ட அறிக்கையிலும் இதைத்தான் சொன்னார்கள். காடு பெரும்பாலும் காப்பது வருஷா வருஷம் வரும் சின்ன வெள்ளத்திலிருந்தும் நடுத்தர வெள்ளத்திலிருந்தும். அதுவே போதும். உழவன் வருஷத்தில் பயிரை இழப்பதும், ஏரி தூர்ந்துபோவதும் அந்த வெள்ளங்களில்தான். மலையிலிருந்து இறங்கும் மண் ஏரியின் வயிற்றில் ஒரு சாண் ஏறினால், நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வெள்ளம் வரும்போது அந்த ஒரு சாண்தான் கரையை உடைக்கிறது.

வெள்ளம் கூடுவதும் வறட்சி கூடுவதும் ஒரே நோயின் இரண்டு முகம் என்பதையும் கடற்கரைக்காரர்கள் அறிவார்கள். சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர் கோட்டை கட்டி நெசவுத் துணி ஏற்றுமதி செய்த காலத்திலும், கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் வந்த பிறகும், இந்தப் பக்கத்துக்குக் குடிநீர் என்றால் பாலாற்று மணலின் அடியில் ஊறும் தண்ணீர்தான். அது மலைமண் கசியவிட்ட தண்ணீர். மழையன்றே எல்லாம் ஓடி வந்துவிட்டால், சித்திரையில் கசிவதற்கு எதுவும் மிச்சமிராது. ஊற்று இறங்கினால் உப்புநீர் ஏறும். வெள்ளத்தை நிறுத்திவைக்க வயலூர் அருகே சில வருஷங்களுக்கு முன் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். அதன் அடியில் வந்து சேரும் மண் மலையிலிருந்துதான் வர வேண்டும்.

பூச்சி இனியும் வரும். உஷ்ணம் ஏறி, மழை முறை தவறும் காலத்தில் மரங்கள் நோஞ்சானாகும்போது இன்னும் சுலபமாக வரும். புயலும் வரும். 2016-ஆம் வருஷம் டிசம்பரில் வர்தா புயல் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் ஒரே பகலில் எவ்வளவு மொட்டையடித்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாளில் விழுந்ததை எடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாலையில் கிடப்பதை எடுக்கட்டும். வீட்டின் மேல் சாய இருப்பதை வெட்டட்டும். சமவெளித் தோப்பில் சவுக்கு விழுந்தால் விவசாயி காசாக்கிக்கொள்ளட்டும். ஓடைக்கரையையும் செங்குத்தான சரிவையும் மட்டும் தொடாமல் விடலாம். ஈர மண்ணில் லாரியை இறக்காமல் கோடை வரை பொறுக்கலாம். போட்ட தடத்தை வேலை முடிந்ததும் கிளறி மூடலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். செத்த மரத்தின் விலை நாளுக்கு நாள் குறையும்போது பொறுமையாக இருப்பது கஷ்டந்தான்.

அந்த விலையைக் கணக்குப் போடும் இடத்தில்தான் ஒரு குறை இருக்கிறது. மலையில் பட்டுப்போன மரங்களை ஏலம் விடும்போது அதிகாரி இருப்பார், ஒப்பந்தக்காரர் இருப்பார், சில சமயம் மலைவாசிகளும் தூரத்தில் நிற்பார்கள். கட்டைக்கு ஒரு விலை, கூலிக்கு ஒரு விலை, லாரிக்கு ஒரு விலை. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கிணறு வைத்திருக்கும் வயலூர்க்காரரை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அந்த மரம் நின்றாலும் கிடந்தாலும், அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.